ரோண்டாவுக்காகச் சுட்டது

குக்கீ மெத்தென்று வர வேண்டுமானால், வெந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதை அடுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஓரம் லேசாகச் சிவந்திருக்கும். நடு மட்டும் பச்சை மாவு போலவே இருக்கும். அப்போது எடுக்கப் பலருக்கு மனம் வராது. இன்னும் இரண்டு நிமிடம் இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆறியதும் ஓடு மாதிரி ஆகிவிட்டதென்று மாவில் சேர்த்த வேர்க்கடலை வெண்ணெயைக் குறை சொல்வார்கள். தட்டின் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டீர்கள். குக்கீ சுட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் அதிலிருந்து தொடங்குகிறேன். வக்கீல் வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், ஐயா. மறைக்க ஒன்றுமில்லை. காபிக்கு நன்றி.

என் பெயர் நடீன் ஸ்டப்ஸ். வயது அறுபத்தொன்று. ரோண்டா என் தங்கை, எட்டு வயது இளையவள். அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினொன்று. எனக்கு ஆல்பனியில் தொலைபேசி நிலையத்தில் வேலை உறுதியாகியிருந்தது. தங்குவதற்கு அறைகூடப் பார்த்து வைத்திருந்தேன். போகவில்லை. அதைப் பற்றி யாரிடமும் புலம்பியதும் இல்லை. அவளுக்குத் தலை பின்னினேன், பள்ளிக்கூடப் பேருந்தில் ஏற்றிவிட்டேன், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அப்பாவும் போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அந்த வீட்டில் நாங்கள் இருவரும் இருந்தோம். அவள் பள்ளிக்கூடச் சமையலறைக்கு வேலைக்குப் போவாள். நான்கு மணிக்குத் திரும்பி வருவாள். நான்கு பத்து ஆனால் வாசலில் நிற்பேன். நாற்பத்திரண்டு வருடம், ஐயா. கல்யாணமானவர்கள்கூட அவ்வளவு காலம் சேர்ந்து இருப்பதில்லை.

ஹார்லன் பீவியை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கடலை மண்டியில் எடை போடுபவர். மனைவியை இழந்தவர். போன வருடம் தேவாலயத்துப் பகல் விருந்தில்தான் முதன்முதலாக எங்கள் மேஜைக்கு வந்தார். நான் கொண்டுபோயிருந்த குக்கீயில் ஐந்து தின்றார். "இத யாரு சுட்டது? இந்தக் கைக்கு வளையல் போடணும்" என்றார். நான் சுட்டது என்றேன். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். அவர் என்னைப் பார்க்க வரவில்லை என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதில் எனக்கு வருத்தமொன்றும் இல்லை. நீங்கள் அதை எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

வந்தவர் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். நடீன் அக்கா, நடீன் அக்கா என்று வீட்டுக்குள் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வருவார். என்னை அக்கா என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்திதான் உண்டு. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. விருந்தாளியிடம் அப்படியெல்லாம் பேசுவது மரியாதையில்லை.

ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை ரோண்டா என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். நான் சோளரொட்டி சுட இரும்பு வாணலியில் கொழுப்பு தடவிக்கொண்டிருந்தேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஹார்லன் கேட்டாரு. நான் சரின்னுட்டேன்."

"என்ன சரி?"

"கல்யாணம். கடலையெல்லாம் மண்டிக்கு வந்து முடிஞ்சதும் வச்சுக்கலாம்னாரு. அவரு வீட்டுக்குப் போயிருவேன்."

"அம்பத்திமூணு வயசுல கல்யாணமா? ஊரே சிரிக்கும்டி."

"சிரிச்சுட்டுப் போகட்டும்" என்றாள். "நானும் கூடச் சேர்ந்து சிரிக்கறேன்."

சொல்லிவிட்டு நிஜமாகவே சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, சின்ன வயதில் சிரித்த மாதிரி. பல வருடமாக அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. எனக்காக அது வந்ததே இல்லை என்று அப்போது தோன்றியது. கையில் வாணலி இருந்தது. கை நீண்டுவிட்டது.

தாடை இரண்டு இடத்தில் உடைந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். இடது பக்கம் நான்கு பல் போய்விட்டது. இரண்டைத் தரையிலிருந்து நான்தான் பொறுக்கினேன். பாலில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் திரும்ப ஒட்டவைக்கலாம் என்று எங்கேயோ படித்திருந்தேன். போகும் வழியெல்லாம் நான்தான் வண்டி ஓட்டினேன். அவள் துண்டை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்வாசல் படியில் வழுக்கி விழுந்துவிட்டாய், சரியா, என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் தாதி கேட்டபோது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரோண்டா தலையாட்டினாள். அவளும் விஷயத்தைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை.

மேல்தாடையையும் கீழ்தாடையையும் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் நான் அவளைப் பார்த்துக்கொண்டதைப் போல ஒரு தாய்கூடப் பார்த்திருக்க மாட்டாள். கோழிச் சாறு, கஞ்சி, உருளைக்கிழங்கை மசித்துப் பாலில் கரைத்தது, எல்லாம் குழாய் வழியாக. போனை வாங்கி வைத்துக்கொண்டேன். தலையில் அடிபட்டவர்களுக்கு அந்த வெளிச்சம் ஆகாது. பள்ளிக்கூடத்துக்கு நானே போய், இனி வேலைக்கு வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பேச முடியாததால் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்தேன். முதல் வாரம் நிறைய எழுதினாள். எழுதியதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். கோபத்தில் எழுதுவதை வைத்துக்கொள்வது யாருக்கும் நல்லதில்லை. பிறகு தண்ணீர், போர்வை, கழிப்பறை என்று மட்டும் எழுதினாள். அமைதியாகிவிட்டாள். நன்றாகத் தூங்கினாள்.

ஜன்னல் ஆணி விஷயம் கேட்டீர்கள். செப்டம்பரில் ஒரு நாள் அவள் ஜன்னல் வழியாக இறங்கப் பார்த்தாள். உடம்பில் பலமே இல்லாதவள், கால் தவறி விழுந்தால் தாடை என்ன ஆகும்? அதனால் நாலு பக்கமும் ஆணி அடித்தேன். கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். சுத்தியலைப் பின்வாசல் அலமாரியில் வைத்தேன். அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.

ஹார்லனுக்கு அப்போது அறுவடை நேரம். கடலை தோண்டும் காலத்தில் மண்டியில் இருப்பவர்களுக்கு நிமிர நேரம் இருக்காது. ஊரே செம்மண் புழுதி. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை வண்டிகள் வரிசையாக நிற்கும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்து கதவைத் தட்டினார். நான் கம்பி வலைக் கதவைத் திறக்காமலே பேசினேன்.

"அஞ்சு நிமிசம் பாத்துட்டுப் போயிர்றேன் நடீன் அக்கா."

"அவ முகத்த யாருக்கும் காட்ட விரும்பல. கண்ணாடியக்கூடத் திருப்பி வச்சிருக்கா. பொம்பள மனசு உங்களுக்குப் புரியாது."

"எனக்கு அவ முகம் எப்படி இருந்தாலும் சரிதான்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை. முன்னங்கை நீளத்துக்கு ஒரு பை நிறைய உலர்ந்த செர்ரிப் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். வடக்கே அவர் மகள் வீட்டிலிருந்து வந்ததாம். அவர் ஒரு வாரம் விடாமல் வந்துகொண்டிருந்தால் ஊர் பேசும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் நானே மண்டிக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு தகர டப்பா நிறையக் குக்கீ கொண்டுபோவேன். ரோண்டா தேறிவருகிறாள், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்வேன். அவர் எடைமேடைப் பக்கத்திலேயே நின்று டப்பாவைத் திறப்பார். புழுதி படிந்த விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு ஒன்றை எடுப்பார்.

அக்டோபர் நடுவில் கம்பியைக் கழற்றினார்கள். வாய் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் திறந்தது. மெல்லவே கூடாது, நாக்கால் நசுக்கக்கூடியதாகக் கொடுங்கள் என்று மருத்துவர் சொன்னார். நான் அப்போதுதான் அந்த மெத்தென்ற குக்கீயைச் சரியாகக் கற்றுக்கொண்டேன். மாவைக் குறைத்து, பழுப்புச் சர்க்கரையைக் கூட்ட வேண்டும். வேர்க்கடலை வெண்ணெய் நொறுக்குக் கடலை இல்லாத வழவழப்பானதாக இருக்க வேண்டும். உலர்ந்த பீச் பழத்தையும் திராட்சையையும் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அரிசி அளவுக்கு நறுக்குவேன். அப்படியே போட்டால் பல்லில் சிக்கும். சுட்டதும் டப்பாவில் ஒரு ரொட்டித் துண்டோடு சேர்த்து மூடிவைத்தால் மூன்று நாளானாலும் காயாது. முதல் தடவை கொடுத்தபோது ரோண்டா கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். கண்ணோரத்தில் நீர் வந்தது. பிறகு நோட்டில், "செர்ரி போடு" என்று எழுதினாள். அந்தப் பையைப் பற்றி நான் அவளிடம் சொல்லவே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

செர்ரியும் போட்டேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை.

இனிமேல் அவளும் கொஞ்சம் உதவட்டும் என்று சமையலறையில் உட்காரவைத்தேன். முள்கரண்டியால் மாவு உருண்டைகளை அழுத்தி மேலே கோடு போடுவாள். மண்டிக்குப் போகும் டப்பாவில் அடியில் மெழுகுத்தாள் விரித்துக் குக்கீகளை அடுக்குவதும் அவள்தான். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இருந்தாலும் அந்த இரண்டு வாரம் நன்றாக இருந்தது. அவள் எங்கேயும் போகப்போவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி.

சனிக்கிழமைக்கு வருகிறேன்.

நான் தினமும் பத்து மணிக்குத் தபால் பெட்டிக்குப் போவேன். அது சாலை முனையில் இருக்கிறது. போய்வர எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். குக்கீத் தட்டை அடுப்பில் வைத்து, பன்னிரண்டு நிமிடத்துக்கு மணியைத் திருகிவிட்டு, ரோண்டாவின் அறையைத் தாழிட்டுவிட்டுக் கிளம்பினேன். பெட்டியில் விதைக் கடை விளம்பரம் மட்டும் இருந்தது. திரும்பி வரும்போது வீட்டின் பின்பக்கம் ஹார்லனின் வண்டி நின்றது. வயல் வழியாக ஓட்டி வந்திருக்கிறார். கடலை தோண்டிய மண்ணில் சக்கரத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

பின்வாசல் வழியாக உள்ளே போனேன். ரோண்டா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே போகும்போது போடும் நீலச் சட்டை. அது அவள் உடம்பில் தொங்கியது. மடியில் என் பழைய தோல்பை, நான் ஆல்பனிக்குப் போக வாங்கியது. ஹார்லன் அவள் முன்னால் மண்டியிட்டு, ஒரு காலுக்குச் செருப்பு வாரைக் கட்டி முடித்திருந்தார்.

"நாங்க கிளம்பறோம் நடீன் அக்கா" என்றார். எழுந்திருக்கவில்லை. "உங்ககிட்ட சண்ட போட வரல."

"அவளால மெல்ல முடியாது" என்றேன். "நீங்க என்ன குடுப்பீங்க?"

"டாக்டர்கிட்ட கேட்டுக்கறேன்."

"மாவு பிசையத் தெரியுமா?"

"தெரியாது. கத்துக்கறேன். அதான் வாழ்நாள் பூரா கெடக்கே."

சட்டைப் பையிலிருந்து ஒரு மெழுகுத்தாளை எடுத்து நீட்டினார். எண்ணெய் ஊறியிருந்தது. பென்சிலை அழுத்தி எழுதியதால் எழுத்து தாளைக் கிழிக்காத குறை. "நான் விழல. அவதான் அடிச்சா. ரூம்ல பூட்டி வச்சிருக்கா. பத்து மணிக்குத் தபால் எடுக்கப் போவா. வந்து கூட்டிட்டுப் போ."

அது டப்பாவின் அடியில் இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை நான் என் கையால் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அவர் கடைசிக் குக்கீ வரை தின்றிருக்கிறார்.

"நான் வரும்போதே ஷெரிஃப் ஆபீசுக்குப் போயிருக்கணும்" என்றார் ஹார்லன். "ரோண்டா வேணாங்கறா. உங்கள ஜெயில்ல வச்சுப் பாக்க அவளால முடியாதாம். இவ்வளவுக்கு அப்புறமும்."

ரோண்டா என்னைப் பார்த்தாள். இரண்டு மாதமாக அவள் குரலை நான் கேட்கவில்லை. பல்லுக்கு நடுவிலிருந்து, காற்று கலந்து வந்தது. "போறேன்க்கா. என்ன விட்டுரு."

ஹார்லன் மறுபடி குனிந்து அடுத்த செருப்பை எடுத்தார். அவர் பின்கழுத்தில் வெயிலில் கறுத்த கோடுகள் இருந்தன. அலமாரி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

முதல் அடி காதுக்கு மேலே பட்டது. அவர் கத்தவில்லை. எதையோ மறந்துவிட்டவர் மாதிரி நிமிர்ந்து பார்த்தார். கையில் செருப்பு அப்படியே இருந்தது. இரண்டாவது நெற்றியில். எலும்பு உள்ளே போவது கைப்பிடியில் தெரிந்தது, ஐயா, பழுத்த பூசணியில் கத்தி இறங்கும்போது தெரிகிற மாதிரி. பக்கவாட்டில் சாய்ந்தார். கால் உதைத்துக்கொண்டே இருந்தது. அது நிற்கும் வரை அடித்தேன். பதினொன்று என்று உங்கள் மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். நான் எண்ணவில்லை. அவர் எண்ணியிருந்தால் சரியாகத்தான் இருக்கும். சுத்தியலின் ஆணி பிடுங்கும் நகப் பக்கத்தை ஏன் உபயோகித்தேன் என்று கேட்டீர்கள். கையில் அது திரும்பிவிட்டது. வேறு காரணமில்லை.

அப்போது அடுப்பு மணி அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்து மேடைமேல் வைத்தேன். சரியான பதம். ஓரம் மட்டும் சிவந்திருந்தது.

திரும்பிப் பார்த்தால் ரோண்டா தரையில் இருந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்போடு தவழ்ந்து போய் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தலை என்று சொல்லும்படி அதிகம் இல்லை. நீலச் சட்டை பாழாகிவிட்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு அகலம் வாயைத் திறக்கக் கூடாது, இப்போதுதான் எலும்பு கூடியிருக்கிறது.

"போதும்டி" என்றேன். "தாட வலிக்கும்."

அவள் நிறுத்தவில்லை. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றில் அழுதால் அவளுக்குத் தலை சுற்றும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அம்மாவை அடக்கம் செய்த அன்றும் இப்படித்தான் கத்தினாள். அன்றைக்கு நான்தான் மடியில் போட்டு ஊட்டினேன். அதனால் ஒரு குக்கீயை எடுத்து, ஊதி, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னந்தலையை இடது கையில் தாங்கிப் பிடித்தேன். என் விரலைக் கடிக்கப் பார்த்தாள். கடிக்கத் தாடையில் பலம் வேண்டுமே. வாயில் வைத்தேன். இன்னொன்றும் வைத்தேன். துப்பிவிடாமல் இருக்கக் கையால் பொத்திக்கொண்டேன். கையை விலக்கப் பார்த்தாள், என் மணிக்கட்டில் இருக்கும் கீறல் அதுதான். நான் அவளைவிடப் பலசாலி. எப்போதும் அப்படித்தான். மெதுவாக முழுங்கு, அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அமைதியானாள். என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, முகம் துடைத்து, போர்த்திவிட்டேன். தட்டுகளைக் கழுவினேன். பிறகு உங்களுக்கு நானே போன் செய்தேன். சமையலறையில் ஒருவர் செத்துக் கிடக்கிறார், நான்தான் கொன்றேன் என்று தெளிவாகச் சொன்னேன். தங்கை தூங்குகிறாள், சத்தம் போடாமல் வாருங்கள் என்றும் சொன்னேன். உங்கள் ஆட்கள் கேட்கவில்லை, கதவை இடித்துக்கொண்டு வந்தார்கள்.

ஹார்லன் பீவியை நான் கொன்றேன். அதற்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் இந்தத் தாளில் இரண்டு பெயர் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. இரண்டாவது பெயரை அடித்துவிடுங்கள். தொண்டை அடைத்திருந்தது, மூச்சுக்குழல் வரை மாவு இருந்தது என்று உங்கள் மருத்துவர் சொல்கிறார். அவருக்கு என் தங்கையைத் தெரியாது. அவளுக்கு என் கைப்பக்குவம் பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் துப்பியிருப்பாள், நான் கையை எடுக்கும்வரை ஒரு துணுக்குகூட அவள் துப்பவில்லை.